அந்த ஆயிரம் டாலர் யாருடைய ரீஃபண்டில் வரும்?

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி எங்காவது கேட்கும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் இருபது வயதுப் பையன். விடுதி உணவுக்கூடத்தில் வாரத்துக்குப் பத்து மணி நேரம் வேலை பார்க்கிறான். போனில் கேட்கிறான்: "மாமா, என் ரூம்மேட்டுக்கு ஆயிரத்து நானூறு டாலர் ரீஃபண்ட் வந்திருக்கு. எனக்கு வெறும் நூத்தி எண்பதுதான். ரெண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே ஃபீஸ். நான் எதை விட்டுட்டேன்?"

அவன் எதையும் விடவில்லை. அவனுக்குச் சேர வேண்டிய சலுகையைச் சட்டம் அவன் அப்பா அம்மாவின் கணக்கில் போட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அது ஏன் என்று சொல்வதற்கு முதலில் ரீஃபண்ட் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். (நம்மில் பாதிப் பேர் ரீஃபண்டையே "ரிட்டர்ன்" என்கிறோம். "ரிட்டர்ன் வந்துடுச்சா?" என்று கேட்பவருக்கு வர வேண்டியது ரீஃபண்ட். ரிட்டர்ன் என்பது அவர் அனுப்ப வேண்டிய படிவம்.)

மளிகைக் கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி 320 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 180 மீதி வரும். அந்த 180 நம்முடைய பணம்தான். வருமான வரி ரீஃபண்டில் பெரும்பகுதி இந்த வகை. ஊரில் டி.டி.எஸ். பிடிப்பதுபோல, அமெரிக்காவில் முதலாளி ஒவ்வொரு சம்பளத்திலும் வரியைப் பிடித்துக்கொள்கிறார். ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்தால் கட்ட வேண்டியதைவிடக் கூடுதலாகப் பிடித்திருப்பது தெரிகிறது. மீதி திரும்பி வருகிறது. அந்தப் பையன் ஆண்டு முழுக்கச் சம்பாதித்தது 6,000 டாலர். அதற்கு மத்திய வருமான வரியே கிடையாது. பிடித்த 180 டாலரும் அப்படியே திரும்பியது.

இனி கடைக்காரர் ஒரு கூப்பன் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பனில் இரண்டு ரகம். ஒன்று, பில் தொகையைப் பூஜ்யம் வரை குறைக்கும். கூப்பனில் மிச்சம் இருந்தாலும் கையில் காசு தர மாட்டார்கள். இன்னொன்று, பில் பூஜ்யமான பிறகும் மிச்சத்தைக் காசாகவே எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். வரி உலகத்தில் கிரெடிட் என்பது இந்தக் கூப்பன்தான். முதல் ரகம் வரியைத் தாண்டாது. இரண்டாவது ரகம்தான் திருப்பித் தரப்படும் கிரெடிட். பிடிக்கப்பட்டதைவிடக் கூடுதலான பணம் ஒருவர் ரீஃபண்டில் வர வேண்டுமென்றால் இந்த இரண்டாவது ரகம் இருந்தே ஆக வேண்டும்.

கல்லூரிப் படிப்புக்கு அமெரிக்க மத்திய அரசு இப்போது இரண்டு கிரெடிட்கள் தருகிறது. லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் முழுக்க முழுக்க முதல் ரகம்: கல்விக் கட்டணத்தில் முதல் 10,000 டாலருக்கு 20 சதவீதம், அதிகபட்சம் 2,000. முதுகலை படிப்பவர்களுக்கும், ஓரிரு பாடம் மட்டும் படிப்பவர்களுக்கும் உதவும். வரி இல்லாதவருக்கு அதனால் ஒரு சென்ட்கூட வராது. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

விஷயம் இருப்பது அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட்டில். 1997-இல் கிளின்டன் காலத்தில் வந்த ஹோப் கிரெடிட்தான் இதன் மூலம். அது முழுவதும் முதல் ரகமாக இருந்தது. 2009-இல், பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது நிறைவேறிய ஊக்கச் சட்டம் அதைப் பெரிதாக்கி, பெயரை மாற்றி, ஒரு பகுதியை இரண்டாவது ரகமாகவும் ஆக்கியது. தற்காலிக ஏற்பாடாக வந்ததை இரண்டு முறை நீட்டித்து, 2015-இல் நிரந்தரமாக்கினார்கள். கணக்கு எளிதுதான். முதல் 2,000 டாலர் செலவுக்கு முழுவதும், அடுத்த 2,000-க்கு 25 சதவீதம்; ஆக 4,000 டாலர் செலவு காட்டினால் 2,500 டாலர் கிரெடிட். இதில் 40 சதவீதம், அதாவது 1,000 டாலர் வரை, வரியே இல்லாவிட்டாலும் காசாக வரும். இளங்கலையின் முதல் நான்கு ஆண்டுகளுக்குத்தான் இது. பட்டமோ சான்றிதழோ நோக்கிப் படிக்க வேண்டும், ஒரு பருவமாவது குறைந்தபட்சம் பாதி நேர மாணவராக இருக்க வேண்டும். ஒரு மாணவருக்கு மொத்தம் நான்கு வரி ஆண்டுகளுக்கு மேல் கேட்க முடியாது.

ரூம்மேட்டின் கணக்கு இப்போது புரியும். அவனுக்கு வயது 24. பள்ளி முடித்து சில வருடம் வேலைக்குப் போய்விட்டுத் தாமதமாகக் கல்லூரிக்கு வந்தவன். 2025-இல் 18,000 டாலர் சம்பாதித்தான். நிலையான கழிவு (சம்பாத்தியத்தில் வரி போடாமல் விட்டுவிடும் தொகை) 15,750 போக மிச்சம் 2,250. அதற்குப் பத்து சதவீத வரி சுமார் 225 டாலர். சம்பளத்தில் பிடித்தது 400. கிரெடிட் இல்லாமல் கணக்கு முடித்திருந்தால் 175 டாலர்தான் திரும்பியிருக்கும். கிரெடிட்டின் முதல் ரகப் பகுதி 1,500 டாலர், அந்த 225 வரியை அழித்துவிட்டது. ஆகவே பிடித்த 400 முழுவதும் திரும்பியது, கூடவே இரண்டாவது ரகத்தின் 1,000. மொத்தம் 1,400. முதல் ரகத்தில் மிச்சமிருந்த 1,275 டாலர் காற்றோடு போனது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போக வழியில்லை.

சரி, அதே ஆயிரம் நம் பையனுக்கு ஏன் இல்லை?

பங்குச் சந்தைக்காகக் கட்டிய வேலி

அமெரிக்க வரிச் சட்டத்தில் எனக்கு மிக விசித்திரமாகப் படும் இடங்களில் இது ஒன்று. 1986-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். வசதியான பெற்றோர் தங்கள் பங்குகளையும் வைப்புத் தொகைகளையும் குழந்தைகளின் பெயருக்கு மாற்றி, குழந்தையின் குறைந்த வரி விகிதத்தில் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் முதலீட்டு வருமானத்துக்குப் பெற்றோரின் விகிதத்திலேயே வரி என்றார்கள். பேச்சுவழக்கில் கிட்டி டேக்ஸ். பின்னால் வயதை உயர்த்திக்கொண்டே போய், 2007-இல் இருபத்து நான்கு வயதுக்கு உட்பட்ட முழுநேர மாணவர்கள் வரை வேலியை நகர்த்தினார்கள்.

2009-இல் கல்விக் கிரெடிட்டை எழுதியவர்களுக்கு, யாருக்கு அந்த ஆயிரத்தைக் காசாகத் தரக் கூடாது என்று வரையறுக்க ஒரு கோடு தேவைப்பட்டது. புதிதாக ஒன்றைப் போடாமல் இந்தப் பழைய வேலியையே இழுத்து வந்து நட்டார்கள். கிட்டி டேக்ஸ் வரையறைக்குள் வரும் பிள்ளை யாராக இருந்தாலும் அவர்களுக்குத் திருப்பித் தரும் பகுதி கிடையாது. அவர் பெயரில் ஒரு பங்குகூட இல்லாவிட்டாலும்!

நடைமுறையில் இதன் பொருள்: ஆண்டு முடிவில் வயது 24 நிரம்பவில்லை, முழுநேர மாணவர், தன் வாழ்க்கைச் செலவில் பாதியைத் தன் உழைப்பு வருமானத்தால் ஈடுகட்டவில்லை, பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார், மணமாகித் துணைவருடன் கூட்டு ரிட்டர்ன் போடவில்லை. இத்தனையும் பொருந்தினால் அந்த ஆயிரம் இல்லை. அமெரிக்கக் கல்லூரி மாணவர் என்றதும் மனதில் வரும் உருவம் அச்சு அசலாக இதுதான்.

இதில் "உழைப்பு வருமானம்" என்ற சொல்லில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கல்விக் கடன் வாங்கித் தானே எல்லாச் செலவையும் பார்த்துக்கொள்கிற மாணவி, "நான் யார் தயவிலும் இல்லையே" என்பார். உண்மைதான். ஆனால் கடன் உழைப்பு வருமானம் ஆகாது, உதவித்தொகையும் ஆகாது. பெற்றோருடன் பேச்சுவார்த்தையே இல்லாமல், கடனில் படிக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு அந்த ஆயிரம் கிடையாது. பெற்றோர் எங்கோ உயிருடன் இருக்கிறார்கள் என்பதே போதும். அதே வயதில் முழுநேரம் படிக்காமல் பாதி நேரம் மட்டும் படிப்பவருக்கு இந்த வேலி இல்லை. யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்ட விதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பங்கு வைத்திருக்கும் பணக்காரப் பிள்ளைக்காக அளவெடுத்த சட்டையைக் கடனாளிப் பிள்ளைக்கும் மாட்டினால் வேறென்ன ஆகும்.

பெற்றோரை நம்பி இருக்கும் மாணவர் விஷயத்தில் பெரிய அநியாயம் இல்லை, ஏனென்றால் பணம் வீட்டுக்குத்தான் வருகிறது. பையனைத் தங்கள் ரிட்டர்னில் சார்ந்தவராக (டிபெண்டெண்ட்) காட்டும் பெற்றோர் அந்தக் கிரெடிட் முழுவதையும் கேட்கலாம். கட்டணத்தைப் பையனே கட்டியிருந்தாலும், கடன் வாங்கிக் கட்டியிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் பெற்றோர் கட்டியதாகவே கணக்கு. அவர்களுக்கு 6,000 டாலர் வரி இருந்தால் 2,500 குறைந்து 3,500 ஆகும். ரீஃபண்ட் 2,500 கூடும். வரியே இல்லாத அளவு குறைந்த வருமானம் என்றாலும் 1,000 வரும். நம் பையன் போனில் தேடிக்கொண்டிருந்த ஆயிரம் அவன் அம்மாவின் வங்கிக் கணக்கில், மற்ற ரீஃபண்டோடு கலந்து, சத்தமில்லாமல் விழுந்திருக்கிறது.

மாணவர்கள் கெடுத்துக்கொள்வது இங்கேதான். இலவச மென்பொருளில் சொந்தமாக ரிட்டர்ன் போடும்போது, "உங்களை வேறு யாராவது சார்ந்தவராகக் காட்ட முடியுமா?" என்ற கேள்விக்கு அவசரத்தில் "இல்லை" என்று தட்டிவிடுவார்கள். மென்பொருளும் நம்பிவிடும். அடுத்த வாரம் பெற்றோர் ரிட்டர்ன் அனுப்பினால், பையனின் சமூகப் பாதுகாப்பு எண் (எஸ்.எஸ்.என்.) ஏற்கெனவே வேறு ரிட்டர்னில் பயன்பட்டுவிட்டது என்று சொல்லிப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் பையன் திருத்தப் படிவம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலைக்குப் பல மாத அலைச்சல்.

விட்டுக்கொடுத்தால் லாபம்

கிரெடிட்டுக்கு வருமான வரம்பு உண்டு. தம்பதியர் கூட்டாகப் போடும் ரிட்டர்னில் 1,60,000 டாலரில் குறையத் தொடங்கி 1,80,000-இல் மறைந்துவிடும். தனிநபருக்கு 80,000 முதல் 90,000 வரை. விலைவாசியோடு சேர்ந்து உயரும்படி இந்த எண்களை எழுதவில்லை. 2009-இல் இருந்த அதே வரம்பு, அதே 2,500. கணவன் மனைவி இருவரும் ஐ.டி. வேலையில் இருக்கும் வீடு இன்று அந்த வரம்பை அலட்சியமாகத் தாண்டிவிடும்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் யோசிப்பதில்லை. பெற்றோர் மகளைச் சார்ந்தவராகக் காட்டாமல் விட்டுவிடலாம். காட்ட உரிமை இருந்தும் காட்டாமல் விட்டால், கிரெடிட்டைக் கேட்கும் உரிமை மகளுக்குப் போகும். ஆயிரம் காசாக வராது, வேலி அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் மகளுக்குச் சொந்தமாக வரி இருந்தால் 2,500 வரை அதை அழிக்கலாம்.

மகள் 2025 கோடையில் நல்ல இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்து, பருவ நாட்களிலும் வேலை பார்த்து, 30,000 டாலர் சம்பாதித்தாள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிச் செலவு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல், அதைப் பெற்றோர் பார்த்துக்கொள்கிறார்கள். நிலையான கழிவு போக 14,250. வரி ஏறக்குறைய 1,471. பிடித்தது 2,000 என்றால் சாதாரணமாக 529 டாலர் திரும்பும். கிரெடிட் கேட்டால் வரி பூஜ்யமாகி 2,000 முழுவதும் திரும்பும். பெற்றோர் இழப்பது, பெரிய பிள்ளைகளுக்குத் தரும் 500 டாலர் கிரெடிட். 1,471 வரவு, 500 செலவு. வீட்டுக்கு லாபம் 971 டாலர். மகளின் ரிட்டர்னில் "என்னை வேறொருவர் காட்ட முடியும்" என்பதற்கு ஆம் என்றும், "காட்டினார்களா" என்பதற்கு இல்லை என்றும் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

உதவித்தொகைக்கு வரி கட்டினால் கூடுதல் பணம்

இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட், கல்விக் கட்டணத்துக்குப் போனால் வரி கிடையாது. நல்லதுதானே என்று எல்லோரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் வரியில்லாத உதவித்தொகையால் கட்டிய கட்டணத்துக்குக் கிரெடிட் கேட்க முடியாது. ஒரு சமுதாயக் கல்லூரியில் கட்டணம் 6,000 டாலர், பெல் கிராண்டும் 6,000 டாலர் என்றால், மிச்சச் செலவு பூஜ்யம். கிரெடிட்டும் பூஜ்யம்.

அதே பெல் பணத்தில் 4,000 டாலரை வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போனதாகக் கணக்கில் காட்டலாம். கல்லூரி அதை நேரடியாகக் கட்டணத்தில் கழித்திருந்தாலும் சரி. வாழ்க்கைச் செலவு உண்மையிலேயே அந்த அளவு இருக்க வேண்டும், உதவித்தொகையின் நிபந்தனை அதைத் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்படிச் செய்தால் அந்த 4,000 மாணவரின் வருமானத்தில் சேர்ந்து வரிக்கு உட்படும். அவருடைய பகுதிநேரச் சம்பளம் 5,000 என்றால் மொத்தம் 9,000. நிலையான கழிவுக்குள் அடங்கிவிடுவதால் வரி இல்லை. மறுபக்கம் 4,000 டாலர் கட்டணம் கிரெடிட்டுக்காக விடுபடுகிறது. பெற்றோருக்கு, அல்லது 24 நிரம்பிய மாணவர் என்றால் அவருக்கே, குறைந்தது ஆயிரம் டாலர் காசாக வரும்.

வருமானத்தைக் கூட்டிக் காட்டினால் ரீஃபண்ட் கூடும் என்பது காதுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் சொந்த வழிகாட்டி நூலிலேயே உதாரணத்தோடு இருக்கிறது. மாநில வரி எப்படி மாறும் என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 4,000-க்கு மேல் தள்ளிப் பயனில்லை, குறைவாகத் தள்ளினாலும் சிலருக்குப் போதும். உட்கார்ந்து இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

கல்லூரி ஜனவரியில் அனுப்பும் 1098-டி படிவத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் பணத்தை இழக்கும் வழி. முதல் கட்டத்தில் கல்லூரி வாங்கிய கட்டணம், ஐந்தாம் கட்டத்தில் உதவித்தொகை. ஐந்து பெரிதாக இருந்தால் கிரெடிட் இல்லை என்று மூடிவைத்துவிடுகிறார்கள். பாடத்துக்குத் தேவையான புத்தகங்களைக் கல்லூரிக்கு வெளியே வாங்கினாலும் இந்தக் கிரெடிட்டில் சேரும். அது படிவத்தில் வராது, ரசீது நம்மிடம்தான் இருக்கும். ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு டிசம்பரிலேயே கட்டினால், கட்டிய ஆண்டின் கணக்கில்தான் சேரும். விடுதி வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு எதுவும் சேராது. கேட்கத் தகுதியில்லை என்று தெரிந்தும் விதியைப் பொருட்படுத்தாமல் கேட்டால் இரண்டு ஆண்டுகள், மோசடி என்றால் பத்து ஆண்டுகள் இந்தக் கிரெடிட் பக்கமே வர முடியாது. இன்னொன்று: மத்திய அரசின் கல்விக் கடனைத் தவணை தவறி வைத்திருப்பவருடைய ரீஃபண்டை, அந்த ஆயிரம் உட்பட, கடனுக்காகப் பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

ஊரிலிருந்து போனவர்களுக்கு

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ எஃப்-1 விசாவில் எம்.எஸ். படிக்கப் போனவர்களுக்கு இதுவரை சொன்னதில் அநேகமாக எதுவும் பொருந்தாது. எஃப்-1 மாணவர் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் குடியிருப்பாளர் அல்லாதவர். டிசம்பர் கடைசியில் போய் இறங்கினாலும் அந்த ஆண்டு ஒன்று என்றே எண்ணப்படும். அவர் போட வேண்டியது 1040-என்.ஆர். படிவம், அதில் கல்விக் கிரெடிட் கேட்க முடியாது. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரையோ குடியிருப்பாளரையோ மணந்து, கூட்டாகக் குடியிருப்பாளராகக் கணக்குக் காட்டத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் விலக்கு. முதுகலை மாணவர் என்பதால் முதல் நான்கு ஆண்டு நிபந்தனையிலும் அடிபடுவார்.

ஆனால் கல்லூரி 1098-டி படிவத்தை இவர்களுக்கும் அனுப்பிவிடும். சாதாரண மென்பொருளில் குடியிருப்பாளருக்கான 1040 படிவத்தைப் போட்டு, அந்த எண்களைத் தட்டினால், திரையில் ரீஃபண்ட் ஆயிரம் டாலர் குதிக்கும். சீனியர் ஒருவர் "எனக்கும் வந்துச்சு, ஒண்ணும் ஆகல" என்பார். வந்த பணத்தைத் திருத்தப் படிவத்தோடு வட்டியும் சேர்த்துத் திருப்பிக் கட்ட வேண்டிய நாள் வரலாம். விசா விவகாரங்களில் வரிக் கணக்கைக் காட்ட வேண்டியவர்களுக்கு அது வெறும் ஆயிரம் டாலர் பிரச்சினையாக நிற்காது.

இந்திய மாணவருக்கு வேறொரு சலுகை உண்டு, அதைத்தான் தேட வேண்டும். இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி, குடியிருப்பாளர் அல்லாத இந்திய மாணவர் நிலையான கழிவை எடுத்துக்கொள்ளலாம். பிற நாட்டு மாணவர்கள் பெரும்பாலோருக்கு அது கிடையாது. ஆசிரியர் உதவியாளர் வேலையில் 12,000 டாலர் வாங்கியவருக்கு 2025-க்கு மத்திய வரி பூஜ்யம், பிடித்தது முழுவதும் திரும்பும். மளிகைக் கடை மீதிச் சில்லறைதான், கூப்பன் இல்லை. ஆனால் பிசகில்லாத பணம்.

எச்-1பி பெற்றோருடன் எச்-4 விசாவில் வளர்ந்து, இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளின் நிலைமை வேறு. பெற்றோர் வரிக் கணக்கில் குடியிருப்பாளர்கள், ஆகவே வருமான வரம்புக்குள் இருந்தால் கிரெடிட் கேட்கலாம். பிள்ளைக்கு வேலை அனுமதி இல்லாததால் சமூகப் பாதுகாப்பு எண் இருக்காது. அதற்குப் பதில், வரிக் கணக்குக்காக மட்டும் தரும் ஐ.டி.ஐ.என். எண் போதும் என்றுதான் இதுவரை இருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான பெரிய வரிச் சட்டம் இதை மாற்றிவிட்டது. 2026 வரி ஆண்டிலிருந்து, கேட்பவருக்கும் மாணவருக்கும் சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயம். 2025-க்கான ரிட்டர்னில் ஐ.டி.ஐ.என். வைத்து 2,500 வாங்கும் வீடு, 2027 பிப்ரவரியில் அதே மகளுக்கு, அதே கல்லூரிக்கு, அதே கட்டண ரசீதோடு உட்காரும்போது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டியிருக்கும்.